வலப்பக்கத்துச் சீட்டு

எனக்கு மூன்று சக்களத்திகள் இருந்தார்கள். மூன்றும் கார்கள்.

சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்தவர்களிடம் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் கல்யாணமான புதிதில் விடியற்காலையில் கண் விழித்தால் பக்கத்தில் புருஷன் இல்லை. வெளியே வந்து பார்த்தால் ஷெட்டில் ஈரத்துணியோடு ஒரு காருக்கு முகம் துடைத்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பெண்ணுக்கு வயிறு எரியாது? எனக்கு நன்றாகவே எரிந்தது.

என் வீட்டுக்காரர் டிரைவர். அவருடைய முதலாளி அந்தக் காலத்திலேயே கார் கம்பெனி ஆரம்பித்தவர். சைக்கிள் வைத்திருப்பவனே பெரிய ஆள் என்றிருந்த நாளில், நானே கார் செய்து விற்கிறேன் என்று கிளம்பிய மனிதர். கம்பெனி பெயர் எதற்கு, அது மூடியே வெகு காலமாகிறது. அவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். தொழிற்சாலை வேறு ஊரில் இருந்தது. ஆனால் அதியமான்கோட்டைக்கும் தொப்பூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு தோட்டமும் பங்களாவும் வாங்கிப் போட்டிருந்தார். காரணம் தொப்பூர் கணவாய். எந்தப் புதுக் கார் செய்தாலும் அந்த மலைப்பாதையில் இறக்கி ஏற்றிப் பார்த்த பிறகுதான் விற்பனைக்கு விடுவார். பெரியவரே ஓட்டிப் பார்த்துச் சரி சொன்ன கார் என்று அந்தக் காலத்தில் விளம்பரமே செய்வார்களாம்.

அவருடைய சொந்தக் கார்கள் மூன்றும் இந்தத் தோட்டத்து ஷெட்டில்தான் நின்றன. ஷெட்டை ஒட்டினாற்போல் எங்களுக்கு இரண்டு அறை. நான் கடத்தூரில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டு வந்தது அந்த இரண்டு அறைக்கு, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

முதல் கார் கறுப்பு. வெளிநாட்டு வண்டி. குட்டையில் கிடக்கும் எருமை மாதிரி அகலமாக நிற்கும். பிரித்துப் பார்த்து வேலை கற்றுக்கொள்வதற்காகவே பெரியவர் அதை வாங்கினாராம். இரண்டாவது சின்னதாக, நீல நிறத்தில். பெரியவர் தன் மனைவிக்காக ஆசை ஆசையாகச் செய்தது. அந்தம்மாவுக்கோ காரில் ஏறினாலே குமட்டல். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஏறுவார், கேட் தாண்டுவதற்குள் நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். கார் செய்கிறவர் பெண்டாட்டி கடைசிவரை ரயிலில்தான் போய் வந்தார். மூன்றாவது, பாலேட்டு நிறத்தில் ஒன்று. கம்பெனியில் முதல் முதலாகச் செய்து வெளியே வந்த கார் அதுதான். யார் என்ன விலை கேட்டும் பெரியவர் கொடுக்கவில்லை. அதில் முன்னால் இரண்டு தனித்தனிச் சீட்டுகள், ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி நெருக்கமாக இருக்கும். எனக்கு மற்ற இரண்டின் மேல் அவ்வளவு கோபமில்லை. அந்தப் பாலேட்டுக் காரைக் கண்டால்தான் ஆகாது.

பெரியவர் தோட்டத்துக்கு வந்தால் விடியலில் அந்தக் காரில்தான் கணவாய்க்குப் போவார். புதுக் காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை ஓட்டி, காதைப் பழக்கிக்கொள்ள வேண்டுமாம். ஒரு நாள் மாட்டுக்குத் தீவனம் அறுக்க வேலியோரம் நின்றிருந்தேன். மார்கழிப் பனி. கார் திரும்பி வந்தது. வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர். இடது பக்கம் பெரியவர், வேட்டியை மடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை இறுக்க மூடியபடி உட்கார்ந்திருக்கிறார். கதவுப் பிடியைப் பிடித்த கை அப்படி நடுங்குகிறது. கோவிலில் அருள் வருவதற்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

பெரியவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் கம்பெனி முதலாளிக்குக் கார் ஓட்டத் தெரியாது!

அன்றைக்கு என் வீட்டுக்காரரைப் பிடி பிடி என்று பிடித்து விஷயத்தை வாங்கினேன். பெரியவர் வயசுப் பையனாக இருக்கும்போது அண்ணனோடு இதே கணவாயில் வண்டி ஓட்டிப் பழகியிருக்கிறார். வண்டி உருண்டது. இவர் பிழைத்தார், அண்ணன் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டால் கை நடுங்கும். ஆனால் மலையில் தவறாத காரைச் செய்ய வேண்டும் என்ற வெறி மட்டும் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சத்தத்தை வைத்தும் அதிர்வை வைத்தும் சொல்லுவாராம், இந்த வண்டிக்கு மூணாவது கியர் அழுவுதுப்பா என்று. பத்திரிகைக்காரர்கள் வந்தால் மட்டும் வலப்பக்கச் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரிப்பார். எத்தனையோ படங்கள் அப்படி இருக்கின்றன. அத்தனை படத்திலும் சாவி என் வீட்டுக்காரர் பாக்கெட்டில்தான் இருந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"சத்தியம் பண்ணு, புள்ள. இது நம்ம வூட்டத் தாண்டி வெளிய போவக் கூடாது."

பண்ணினேன். எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மூச்சு விட்டதில்லை.

பெரியவர் காலமானார். சமாதி கட்டினார்கள், படம் மாட்டினார்கள், கம்பெனியை வேறு யாரோ வாங்கி மூடினார்கள். மகன்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கார்கள் மட்டும் ஷெட்டிலேயே நின்றன. என் வீட்டுக்காரருக்கு அந்தக் குடும்பத்திலிருந்து மாசம் தவறாமல் சம்பளம் வந்துகொண்டிருந்தது. கார்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தினமும் துடைப்பது, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டு வந்து விடுவது. ஆயுத பூஜைக்கு மூன்றுக்கும் சந்தனம் குங்குமம், வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் உண்டு. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருக்கு அதெல்லாம் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை. அதுவும் பெரிய ஆசை கிடையாது. பாலேட்டுக் காரில், முன் சீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கணவாய் வரைக்கும் போய்விட்டு வர வேண்டும். முனியப்பன் கோவிலில் ஒரு சூடம் ஏற்றிவிட்டு, ரோட்டோரம் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் போதும். பெரியவர்தான் போய்விட்டாரே, இனிமேல் என்ன தடை என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போய் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். அவர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"அங்க வேணாம், புள்ள. அது பெரியவரு எடம். நீ பின்னால ஏறிக்க."

செத்துப்போன மனிதருக்கு முன் சீட்டு, உயிரோடு இருக்கிற பெண்டாட்டிக்குப் பின் சீட்டு. கதவை அறைந்து சாத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன லாரிக்காரனே திரும்பிப் பார்த்திருப்பான். என் சக்களத்தி மடியில் நான் பின்னாலும் உட்காரமாட்டேன், முன்னாலும் உட்காரமாட்டேன் என்றேன். அவருக்குப் பேச வராது. சட்டைப் பையில் இருந்த கர்சீப்பை எடுத்து, நான் பிடித்த கதவுப் பிடியைத் துடைத்தார். அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தக் காரில் அவரோடு நான் ஒரு நாளும் போகவில்லை.

அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. மஞ்சள் காமாலை என்றார்கள், பிறகு வேறு என்னவோ பெரிய பெயர் சொன்னார்கள். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தபடி, எனக்கு என்னென்னவோ சொல்வார் என்று பார்த்தேன். அவர் சொன்னது, வெள்ளிக்கிழமை தவறாமல் மூன்றையும் ஸ்டார்ட் பண்ணிவிடு, இல்லையென்றால் என்ஜின் பிடித்துக்கொள்ளும் என்பதுதான். பேட்டரி ஒயரை எப்படி மாட்டுவது, சோக்கை எவ்வளவு இழுப்பது என்று கையாலேயே காற்றில் செய்து காட்டினார். எனக்கு அழுகைக்கு நடுவில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, சரி, பண்றேன் என்றேன்.

பண்ணவும் செய்தேன். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை ஷெட்டைத் திறந்தேன். கறுப்பு, நீலம் இரண்டையும் முடித்துவிட்டுப் பாலேட்டுக் காரில் ஏறினேன். வலப்பக்கம், அவர் சீட்டில். அந்தச் சீட்டு பள்ளமாகிக் கிடந்தது. அத்தனை வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து, அவர் உடம்பு எப்படியோ அப்படியே ஒரு பள்ளம். வலது ஓரத்தில் வட்டமாக ஒரு அழுத்தல் வேறு. காக்கிப் பேண்டின் பின் பாக்கெட்டில் எப்போதும் வைத்திருக்கும் மூக்குப்பொடி டப்பாவின் தடம். அந்தப் பொடி நாற்றத்துக்காக அவரைத் திட்டாத நாள் உண்டா? பொடிக்கறை பிடித்த கர்சீப்புகளைத் துவைத்தே என் கை தேய்ந்தது. நான் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

அன்று முதல் வெள்ளிக்கிழமைதான் எனக்கு நாள். மற்ற நாட்களில் யாரோடும் பேச வேண்டிய தேவை இல்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அத்தனை பிள்ளைகள் கத்தலுக்கு நடுவில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. தூரத்தில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால், பால் காய்ந்து பொங்குகிற நேரம் என்ஜின் ஓடும். அந்த நேரத்துக்குள் அந்த வாரத்துச் சங்கதியெல்லாம் சொல்லிவிடுவேன். எனக்கு ஓட்டத் தெரியாது, அதனால் கார் ஷெட்டை விட்டு நகராது. இடப்பக்கச் சீட்டில் இப்போதாவது உட்கார்ந்து பார்ப்போமே என்று ஒரு தடவை நினைத்தேன். ஆனால் அங்கே உட்கார்ந்தால் பக்கத்துப் பள்ளம் காலியாகத் தெரியும். வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் பெரியவரின் பேத்தி வந்தாள். வெளிநாட்டில் இருக்கிற பெண். நல்ல மாதிரி. பெங்களூரில் பழைய கார்களை வைத்துக் காட்டுகிற இடம் ஒன்று இருக்கிறதாம், தாத்தாவின் கார்களை அங்கே கொடுக்கப் போகிறேன் என்றாள். நீங்கள் எப்போதும்போல இங்கேயே இருங்கள் அம்மா, அவருக்கு வந்த சம்பளம் உங்களுக்கு வரும் என்றும் சொன்னாள். கார் இல்லாத ஷெட்டுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அவளோடு அந்த இடத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்தார். பாலேட்டுக் காரின் முன் கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார். சீட்டெல்லாம் போய்விட்டது, புதுசாகப் போட வேண்டும், கம்பெனியில் இருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிடலாம் என்றார். பிறகு அவரே சொன்னார், முதலாளி உட்கார்ந்த சீட்டை மட்டும் தொடமாட்டோம், அது அப்படியே இருந்தால்தான் மதிப்பு, ஜனங்கள் அதைத்தான் பார்க்க வருவார்கள் என்று.

பேத்தி வலப்பக்கத்துச் சீட்டைத் தடவிப் பார்த்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே பெரியவரும் அந்தம்மாவும் போய்விட்டார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் படங்கள்தான்.

"தாத்தாதானேம்மா ஓட்டுவாரு? இது தாத்தா சீட்டுதானே?"

நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். தாத்தாவுக்கு ஓட்டத் தெரியாது, அவர் உட்கார்ந்தது இடப்பக்கம் என்றால், இடப்பக்கச் சீட்டை வைத்துக்கொண்டு வலப்பக்கத்தைப் பிய்த்துக் குப்பையில் போடுவார்கள். டிரைவர் உட்கார்ந்த பள்ளத்தை எந்த ஊரில் காட்சிக்கு வைக்கிறார்கள்? அவர் தலைமேல் செய்த சத்தியம் வேறு இருக்கிறது. அந்தத் தலை சாம்பலாகிப் போனாலும் சத்தியம் அப்படியே இருக்கிறது.

"ஆமாங்க கண்ணு, அவுரு சீட்டுதான்," என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. குனிந்து அந்தப் பள்ளத்தில் கையை வைத்தாள். மூக்குப்பொடி டப்பா அழுத்திய இடத்தை விரலால் சுற்றிப் பார்த்தாள். என் புருஷன் உட்கார்ந்த இடத்தை வேறொருத்தி தடவிக்கொண்டு தாத்தா தாத்தா என்று உருகுகிறாள்.

இத்தோடு போயிருக்கலாம். கண்ணாடிக்காரர் இடப்பக்கச் சீட்டைத் தட்டி, அப்ப இதைப் பிரித்துவிடலாம் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, கை நடுங்க நடுங்க, யாரும் இந்தக் கணவாயில் சாகக் கூடாது என்று உட்கார்ந்திருந்த இடம் அது. என் புருஷன் என்னைக்கூட உட்கார விடாமல் காத்த இடம். அதையா குப்பைக்கு அனுப்புவது?

"அதையும் தொடாதீங்க," என்றேன். "அதுல அவுரு வூட்டுக்காரம்மா உக்காருவாங்க."

வாயில் வந்ததைச் சொன்னேன். எலுமிச்சம்பழமும் கையுமாகக் கேட்டைத் தாண்டாத அந்தம்மாவை அப்படியே தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டேன். பேத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாட்டியும் கூடப் போவாங்களா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். போவாங்க கண்ணு என்றேன். பொய்தான். அதற்காக எனக்கு வருத்தமே இல்லை. இரண்டு சீட்டும் தப்பித்தன.

ஒரு பெரிய லாரி வந்து மூன்றையும் ஏற்றிக்கொண்டு போனது. பாலேட்டுக் காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். சூடம் சுற்றினேன். லாரிக்காரன் அவசரப்பட்டான், கயிற்றை இறுக்கினான், போய்விட்டான். ஷெட்டில் எண்ணெய்க் கறை படிந்த தரை மட்டும் மிச்சம். ரெண்டு நாள் எதுவும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்தபோதுதான் தெரிந்தது. தலைக்குக் குளித்துவிட்டுச் சாவியைத் தேடினேன். சாவி பெங்களூர் போய்விட்டது. அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது. டி.வி.யைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன். அது என்னிடம் பேசுவதில்லை, நான் பேசினாலும் கேட்பதில்லை. சக்களத்திகள் இல்லாத வீடு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் ஏறினேன். யாரும் அழைக்கவில்லை. விலாசம் பேத்தி சொல்லியிருந்தாள். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். என் வீட்டுக் காரைப் பார்க்க எனக்கே டிக்கெட்!

கண்ணாடி மாதிரித் தரை. மேலே எங்கிருந்தோ வெளிச்சம். மூன்றும் வரிசையாக நின்றன. பளபளவென்று தேய்த்திருந்தார்கள், அவர் இருந்தால் குறை சொல்ல ஏதாவது கண்டுபிடித்திருப்பார். பாலேட்டுக் காருக்கு மட்டும் தனியாக மேடை, சுற்றிலும் சிவப்புக் கயிறு. முன் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள், சீட்டுகள் தெரிகிற மாதிரி. பின்னால் சுவரில் பெரியவரின் பெரிய படம், வேட்டி சட்டையில்.

விளக்கம் சொல்வதற்கு ஒரு சின்னப் பெண் இருந்தாள். ஓசூர்ப் பக்கமாம், தமிழும் கன்னடமும் கலந்து பேசினாள். ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பின்னால் நின்று கேட்டேன். தொப்பூர் மலையில் பெரியவர் தானே ஓட்டிப் பார்த்த கதையைச் சொன்னாள். வலப்பக்கச் சீட்டில் வட்டமாகத் தெரிகிறதே, அது அவர் பின் பாக்கெட்டில் வைத்திருந்த தங்கக் கடிகாரத்தின் அடையாளம் என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூக்குப்பொடி டப்பாவுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! பின்னாலேயே படம் தொங்குகிறது, வேட்டிக்கு ஏது பின் பாக்கெட் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்தப் பெண் இடப்பக்கச் சீட்டைக் காட்டினாள்.

"இது அவரோட மனைவி உக்காந்த சீட்டு. அவங்கள விட்டுட்டு அவரு எங்கயும் போனதே இல்லையாம். எப்பவும் பக்கத்துல பக்கத்துலதான்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வலப்பக்கம் புருஷன், இடப்பக்கம் பெண்டாட்டி. நான் சொன்ன பொய்தான். ஆனால் அந்த வலப்பக்கத்துப் பள்ளம் என் புருஷனுடையது. அப்படியானால் அவர் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிற பெண்டாட்டி யார்? கடைசியில் எனக்கு அந்தச் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். நான்தான் அதில் இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம், டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

குடும்பம் அடுத்த காருக்கு நகர்ந்தது. நான் நகரவில்லை. கையை நீட்டினால் சீட்டு எட்டும் போலிருந்தது, நீட்டினேன். அந்தப் பெண் வந்து, தொடக் கூடாதும்மா என்று மெதுவாகச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவங்களை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும் கண்ணு. அந்தம்மா அதுல ஒரு நாள் கூட உக்காந்ததில்ல."

அவள் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, நீலக் காரைப் பற்றிச் சொல்லப் போனாள்.